காற்றில்லாத அறை

முதலில் பொம்மைக்குத்தான் செய்தோம்.
தையல் பெட்டியிலிருந்து ஏழு நிற நூல்,
ஒரு கிண்ணம் மைதாப் பசை.
பொம்மைக்குப் பாதித் தலையில்தான் முடி;
மீதியைப் போன கோடையில் நீயே கத்தரித்துவிட்டாய்.
"வலிக்குதான்னு கேளு" என்றேன்.
அதன் வாயருகே காதை வைத்தாய்.
"வலிக்கலையாம். கூசுதாம்."

ஆஸ்பத்திரித் தாளில் எழுதியிருந்தது:
தலையில் எண்ணெய் கூடாது,
இரண்டு முறை அலச வேண்டும்,
மூன்று மணிக்கு எழுப்பிவிட்டால்
பிறகு கண்ணயர விடக்கூடாது.
எழுதாமல் விட்டது:
ஐந்து வயதுக்காரியிடம்
மூளை என்ற சொல்லை எந்தக் குரலில் சொல்வது.

"நான் நினைக்கிறதெல்லாம் அந்த மெஷின்ல தெரியுமா?"
தெரியாது, மிலென்கா. வெறும் கோடுதான்.
நீரிணைக்கு நடுவே மழை பெய்தால்
கரையிலிருந்து மழை தெரியும்,
எந்த மீன் நனைந்ததென்று தெரியாது.
"மீன் ஏற்கெனவே நனைஞ்சுதானே இருக்கு?"
அதுவும் சரிதான்.

கொஞ்ச நேரம் பசையைப் பிசைந்துகொண்டிருந்தாய்.
பிறகு, யாரும் கேட்காமலே,
அப்பாவின் கையுறையைக் கடலில் போட்டது
காற்று இல்லை என்றாய்.

புன்டா அரேனாஸில் எல்லாப் பழியும் காற்றுக்குத்தான்.
கூரை போனால் காற்று, கல்யாணம் நின்றால் காற்று.
உன் கரண்டி அந்தரத்தில் நின்ற முதல் நாள்
நானும் அப்படித்தான் சொன்னேன்:
ஜன்னல் அதிர்கிறது, குழந்தைக்குக் காது கேட்கவில்லை.
இரண்டாம் முறை எண்ணினேன்.
ஏழு.
சூப் கரண்டியில் ஆறிக்கொண்டிருந்தது;
நீ கண்ணைத் திறந்தபடியே
எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்து
விட்ட சொல்லிலிருந்து பேசினாய்.
அன்றிலிருந்து நான் எதைப் பார்த்தாலும் எண்ணுகிறேன்.

அப்பா நண்டுப் படகில், தெற்கே எங்கோ.
மூன்று மணியிலிருந்து நாம் இருவர் மட்டும்:
மேஜையில் சிப்பிகளை வரிசை வைத்துக் கலைத்தோம்,
ஒற்றைக் காலில் நின்றோம்,
நீ தூங்கி விழுந்தபோதெல்லாம்
குளிர்ந்த கரண்டியை உன் கன்னத்தில் வைத்தேன்.
எட்டு மணிக்குத் தெருமுனைக் கயிற்றைப் பிடித்தபடி நடந்தோம்.
ஆட்கள் பறக்காமலிருக்க நகராட்சி கட்டிய கயிறு;
நீ என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாய்.

ரொமிலியோ என்று சட்டையில் பெயர் தைத்த இளைஞன்
தையற்காரன் மாதிரி உன் தலையை அளந்தான்.
சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தான்,
ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு ஒயர்.
பொம்மைக்கு ஏழு, உனக்கு இருபத்தொன்று.
"காத்தடிச்சா பறக்காம இருக்கவா இவ்ளோ கயிறு?"
"ஆமா" என்றான் அவன். "யாருகிட்டயும் சொல்லிடாதே."

பிறகு ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்தான்.
நீ அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து
காத்திருந்தாய்.
எங்கள் ஊரில் எந்தக் குழந்தையும்
காற்றாடியை ஊதியதில்லை.
"கெட்டுப்போச்சும்மா."
ஊதணும் கண்ணு. மூன்று நிமிஷம். இப்படி.
நீ ஊதினாய், நானும் ஊதினேன்.
"நீங்க வேண்டாம் சென்யோரா,
அவ மட்டும்" என்றான் ரொமிலியோ.

இரண்டாம் நிமிஷத்தில்
காற்றாடி நின்றது.

திரையில் எல்லாக் கோடும் ஒரே நேரத்தில்
எழுந்து விழுந்து எழுந்து.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
நீ இல்லாத அந்த இடத்துக்குள்
மெல்ல ஒரு சொல்லைப் போட்டான்:
"பெங்குயின்."
நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது.
காற்றாடி மறுபடி சுற்றியது.
"மிலென்கா, நான் இப்ப என்ன சொன்னேன்?"
"எப்போ?"

நன்றாகத் தூங்கினாய் அதற்குப் பின்.
டாக்டர்தான் படித்துச் சொல்வார் என்றான்,
வெள்ளிக்கிழமை வரச் சொன்னான்.
அவன் கண்ணைப் படிக்க முயன்றேன்;
அதிலும் வெறும் கோடுதான்.

மத்தியானம் படகிலிருந்து அப்பா கூப்பிட்டார்.
தலையெல்லாம் பசை, போனை இரண்டு கையால் பிடித்திருந்தாய்.
காற்றாடியைப் பற்றிச் சொன்னாய், கயிற்றைப் பற்றிச் சொன்னாய்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"அப்பா, உன் கையுறையைப் போட்டது காத்து இல்ல..."

இரைச்சலுக்குள்ளிருந்து அவர் குரல்:
"காத்துடா செல்லம், காத்து. ஒண்ணும் கேக்கல."